பாரிஸின் லே ஆல் சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து உறவினர்கள் பாரிஸுக்கு வந்தால் ஒரு நாளாவது அவர்களை லே ஆல் பக்கம் கூட்டிப்போவேன். ரயிலைவிட்டு இறங்கி, நகரும் படிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, துணிக்கடைகளையும் செருப்புக் கடைகளையும் கடந்து ஒருவழியாக வெளிச்சத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சந்தை எங்கே?" சந்தை போய் ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

லே ஆல் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது?

'ஆல்' என்றால் பிரெஞ்சில் கூரை போட்ட பெரிய சந்தைக்கூடம். 'லே ஆல்' என்பது அதன் பன்மை. எழுத்தில் 'ஹ' உண்டு, வாயில் வராது. அதற்காக 'லேஸால்' என்று சேர்த்துச் சொல்லவும் கூடாது. பாரிஸ்காரர்கள் பிரித்து 'லே ஆல்' என்றுதான் சொல்வார்கள்.

இடம் பாரிஸின் நட்ட நடு. சென் நதிக்கு வடக்கே, நோத்ர்தாம் தேவாலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பாரிஸ் தமிழர்களுக்குச் சொல்வதானால், லாச்சப்பல் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர் என்ற புறநகர் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். நம்மவர்கள் அன்றாடம் ரயில் மாறும் 'ஷாத்லே–லே ஆல்' நிலையம் அந்தப் பழைய சந்தையின் அடிவயிற்றில்தான் இருக்கிறது.

அந்தச் சந்தை எவ்வளவு பழையது?

1137-ஐ ஒட்டி, ஆறாம் லூயி மன்னர் காலத்தில், நகர மதிலுக்கு வெளியே சதுப்பாகக் கிடந்த ஓர் இடத்தில் சந்தை கூட ஆரம்பித்தது. 1183-ல் பிலிப் ஒகுஸ்த் மன்னர் வியாபாரிகள் மழையில் நனையாமல் இருக்க இரண்டு கூடங்கள் கட்டிக்கொடுத்தார். 'ஆல்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். நகரம் வளர்ந்து வளர்ந்து சந்தையைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. ஆக, 1969-ல் சந்தையைக் கிளப்பியபோது அதற்கு வயது 800-க்கு மேல்.

பக்கத்திலேயே ஒரு பெரிய இடுகாடும் இருந்தது. பல நூற்றாண்டு காலம் பாரிஸ் தன் பிணங்களைப் புதைத்த 'இன்னொசான்' இடுகாடு. சுமை தாங்காமல் 1780-ல் பக்கத்து வீட்டின் நிலவறைச் சுவர் உடைந்து உள்ளே சரிந்தது. அதன்பின் இடுகாட்டை மூடி, எலும்புகளை நகரின் தெற்கே இருந்த பழைய கற்சுரங்கங்களுக்கு இரவு இரவாக வண்டியில் ஏற்றிப் போனார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் நிலத்தடிக் கல்லறைகள் அப்படி உருவானவை. காலியான இடத்தில் காய்கறிச் சந்தை வந்தது. செத்தவர்களை நகர்த்திவிட்டு அங்கே கீரை விற்றிருக்கிறார்கள். பாரிஸுக்கு இடம் எப்போதும் பற்றாக்குறைதான்.

எல்லோரும் ஏங்கிப் பேசும் அந்த இரும்புக் கூடங்களை யார் கட்டினார்கள்?

விக்டர் பால்தார் என்ற கட்டிடக்கலைஞர், பெலிக்ஸ் காலே என்பவருடன் சேர்ந்து. ஆனால் அவர் முதலில் கட்டியது இரும்பில் இல்லை, கல்லில். 1851-ல் அடிக்கல் நாட்டி எழுப்பிய முதல் கூடம் கோட்டை மாதிரி தடித்துக் கனத்து நின்றது. வியாபாரிகளும் ஊர்மக்களும் அதைக் கோட்டை என்றே கிண்டல் செய்தார்கள். 1853-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வேலையையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் நடந்ததை, அப்போது பாரிஸை ஆண்ட அதிகாரி ஓஸ்மான் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பேரரசர் தனக்கு வேண்டியது பெரிய பெரிய குடைகள் மட்டுமே என்று சொன்னாராம். ஓஸ்மான் பால்தாரிடம் போய், இரும்பு, இரும்பு, இரும்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று வற்புறுத்தினாராம். கல்லில் ஊறியவர் பால்தார். மனசில்லாமல்தான் வரைந்தார். ஆனால் எந்தக் கட்டிடத்தால் அவர் பெயர் நிலைத்ததோ அது அந்த மனசில்லா வேலைதான்.

1854-ல் தொடங்கிய கட்டுமானத்தில் 1874-க்குள் 10 கூடங்கள் எழுந்தன. கடைசி இரண்டு 1930-களில் வந்து 12 ஆனது. மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே கண்ணாடி, சுவரின் மேற்பகுதியில் காற்று புகும் சட்டங்கள், கூடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே கூரை போட்ட தெருக்கள். வண்டிகள் மழையில் நனையாமலே ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். கீழே முழுக்க நிலவறைகள். வெண்ணெயும் கோழியும் அங்கே இறங்கும். முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கென்றே தனி ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று. அந்த நிலவறைகளுக்குச் சரக்கு ரயிலைச் சுரங்கவழியாகக் கொண்டுவர வேண்டும் என்பது பால்தாரின் திட்டத்திலேயே இருந்தது. அது நடக்கவே இல்லை. நூறு வருடம் கழித்து அதே இடத்தில் ரயில் வந்தபோது சந்தை இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ரயில் நேரத்துக்கு வந்திருந்தால், பின்னால் சந்தையைக் கொன்ற லாரி நெரிசலில் பாதியாவது குறைந்திருக்கும்.

இரவில் அங்கே என்னதான் நடந்தது?

சந்தை விழிப்பது ஊர் தூங்கிய பிறகு. பாரிஸைச் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து விவசாயிகள் முட்டைக்கோஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு நள்ளிரவுக்கு முன்பே வந்துவிடுவார்கள். 1930-களின் நடுப்பகுதி வரை ஆர்பஜோன் ஊரிலிருந்து ஒரு குட்டி ரயில், ராத்திரியில் பாரிஸ் வீதிகளின் வழியாகவே காய்கறி ஏற்றிக்கொண்டு லே ஆல் வரை வந்துகொண்டிருந்தது. கூடங்களுக்குள் மண்டிக்காரர்கள். தூரத்து ஊர்களிலிருந்து அனுப்பிய சரக்கைக் கமிஷனுக்கு விற்றுக்கொடுப்பவர்கள் அவர்கள். வெளியே தெருவிலும் நடைபாதையிலும் நேரடியாக விற்கும் விவசாயிகள். ஒரு தெரு முழுக்க முள்ளங்கி, அடுத்த தெரு முழுக்க பூ. அதிகாலையில் சில்லறைக் கடைக்காரர்களும் உணவகத்துக்காரர்களும் வாங்கிப்போவார்கள். விடிந்து வெயில் ஏறும்போது துடைப்பமும் தண்ணீரும் மட்டும் மிச்சம்.

சுமைதூக்கிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களை 'ஆல்களின் பலசாலிகள்' என்றே அழைத்தார்கள். சும்மா வந்து சேர்ந்துவிட முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை, ராணுவ சேவை முடித்திருப்பது, போலீஸ் பதிவேட்டில் பெயர் இல்லாதது, குறைந்தது 1.67 மீட்டர் உயரம், இவையெல்லாம் இருந்தாலும் 200 கிலோ சுமையைத் தூக்கிக்கொண்டு 60 மீட்டர் நடந்து காட்டினால்தான் வேலை. தலையில் விளிம்பு அகன்ற கனத்த தொப்பி வைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சும்மாடு செய்யும் வேலையை அது செய்யும். ஒவ்வொரு மே 1 அன்றும் அவர்கள் பிரெஞ்சு ஜனாதிபதியைப் பார்த்து, மணிமணியாகப் பூக்கும் வெள்ளைப் பூங்கொத்து கொடுப்பது வழக்கம். சந்தை போன பிறகும், புதுச் சந்தையின் ஆட்கள் அந்த வழக்கத்தை விடவில்லை.

அப்புறம் சாப்பாடு. வெங்காய சூப்பை மேலே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் பொரித்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதற்குப் பேர்போன இடம் இதுதான். விடியற்காலை நாலு மணிக்கு, ரத்தக்கறை படிந்த அங்கியோடு இறைச்சிக்காரர் ஒரு பக்கமும், நாடகமோ நடனமோ பார்த்துவிட்டு வந்த பணக்கார ஜோடி இன்னொரு பக்கமும் ஒரே கடையில் அதே சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஏழைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. பெரிய உணவகங்களில் மீந்த சாப்பாட்டைத் தட்டில் கலந்து வைத்து விற்கும் கடைகள் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தன. பல நிறத் துண்டு போட்ட கோமாளிச் சட்டையின் நினைவாக அந்தத் தட்டுக்கு 'அர்லெக்கன்' என்று பெயர். காசே இல்லாதவர்கள் விடிந்தபின் தரையில் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கிப் போனார்கள். நகரத்தின் நடுவில் இப்படி எல்லோரும் ஒரே சேற்றில் கால் வைக்கும் இடம் வேறு எங்கும் இல்லை.

'பாரிஸின் வயிறு' என்கிறார்களே, அது என்ன?

எமில் ஜோலா 1873-ல் இந்தச் சந்தையை வைத்து எழுதிய நாவலின் தலைப்பு அது. அதன்பின் அதுவே சந்தையின் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

இவ்வளவு நன்றாக இருந்த சந்தையை ஏன் இடம் மாற்றினார்கள்?

மாற்றத்தான் வேண்டியிருந்தது. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. பழைய படங்களைப் பார்த்து உருகுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குதிரைவண்டிக் காலத்துக்குக் கட்டிய கூடங்கள் அவை. 1950-களில் பிரான்ஸின் எல்லாப் பக்கத்திலிருந்தும் லாரிகள் இடைக்காலத்துக் குறுகல் தெருக்களுக்குள் நுழைந்தன. ஒவ்வொரு இரவும் நகரின் நடுப்பகுதி அடைத்துப்போனது. கூடங்களில் இடம் போதாமல் சரக்கின் பெரும்பகுதி தெருவிலேயே, திறந்த வெளியிலேயே கிடந்தது. இறைச்சியையும் மீனையும் பாதுகாக்கத் தேவையான குளிர்பதன வசதி இல்லை. எலிகளோ சொல்லி முடியாது. அருகில் இருந்த வீடுகள் இடிந்துவிழும் நிலையில் இருந்தன. ஒரு பெருநகரத்துக்கும் அதன் புறநகர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு போடும் வேலையை அந்த இடம் இனி செய்ய முடியாது என்பது உண்மை.

1960-ஐ ஒட்டி அரசு முடிவெடுத்தது: சந்தை தெற்கே, ஓர்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரன்ஜிஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சந்தையை மாற்றுவது ஒரு முடிவு. கட்டிடங்களை இடிப்பது வேறொரு முடிவு. முதலாவதற்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. அவற்றில் ஒன்றுகூட இரண்டாவதற்குப் பொருந்தாது. எலியும் லாரியும் போன பிறகு அந்த இரும்புக் கூடங்கள் யாருக்கும் எந்தத் தொல்லையும் தரவில்லை.

சந்தை எப்போது, எப்படிப் போனது?

1969 பிப்ரவரி கடைசி நாட்களில். ஆயிரம் மண்டிகள் அளவிலான வியாபாரத்தை, ஏறத்தாழ 20,000 ஆட்களோடு, 1,500 லாரிகளில், மூன்று நான்கு நாட்களுக்குள் பெயர்த்தார்கள். 'நூற்றாண்டின் வீடு மாற்றல்' என்று பத்திரிகைகள் எழுதின. மார்ச் 3 அன்று ரன்ஜிஸ் வேலையைத் தொடங்கிவிட்டது. இறைச்சி மண்டிகள் மட்டும் 1973 தொடக்கம் வரை பழைய இடத்திலேயே தொடர்ந்தன.

கடைசி இரவில் பாரிஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சூப் குடித்துவிட்டுப் போனார்கள்.

கட்டிடங்களை ஏன் இடித்தார்கள்? யாரும் தடுக்கவில்லையா?

தடுத்தார்கள். 1969-க்கும் 1971-க்கும் நடுவில் காலியான கூடங்கள் தாமாகவே ஒரு புது வாழ்க்கையைத் தொடங்கின. கண்காட்சி, சர்க்கஸ், இசை, நாடகம் எல்லாம் உள்ளே வந்தன. 1970-ல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு நாடகக் குழு, மேடையே இல்லாமல், தள்ளுவண்டிகளில் நடிகர்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து வரும்படி ஒரு நாடகம் போட்டது. அந்தக் கூடம் இல்லாவிட்டால் அப்படி ஒரு நாடகத்தை எங்கே போட முடியும்? தூண்களுக்கு நடுவே பரந்த வெளி, மேலே கண்ணாடி வெளிச்சம், நாலு பக்கமும் திறந்த தெரு. கட்டிடத்துக்கு அடுத்து என்ன வேலை கொடுக்கலாம் என்பதை மக்கள் ஏற்கனவே கண்டுபிடித்து, செய்தும் காட்டியிருந்தார்கள்.

அரசு சொன்ன காரணம் ரயில். புறநகர் ரயில்கள் சந்திக்கும் பெரிய நிலையத்தை அந்த இடத்துக்கு அடியில் கட்ட வேண்டும், அதற்கு மேலிருந்து திறந்த பள்ளமாகத் தோண்டுவது மலிவு, அதற்குக் கூடங்கள் போக வேண்டும் என்றார்கள். சரி, தோண்டட்டும். இரும்புக் கூடங்கள்தானே? பிரித்து எடுத்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டலாமே என்று கட்டிடக்கலைஞர்களும் கலைஞர்களும் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்துகூட விலைக்குக் கேட்டு ஆள் வந்தார். எதுவும் எடுபடவில்லை.

1971 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இடிக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்ட் என்றால் பாரிஸ் காலியாக இருக்கும் மாதம், பாதி ஊர் விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருக்கும். கேட்பதற்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்த முடிவு என்ற கோபம் அந்தத் தலைமுறைக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பாரிஸுக்கு மேயரே கிடையாது. 1871-க்குப் பிறகு 1977 வரை நகரை மத்திய அரசின் அதிகாரிதான் நிர்வகித்தார். அந்த அதிகாரியைப் பாரிஸ்காரர் ஒருவர் ஓட்டுப் போட்டு தண்டிக்க வழியில்லை. அந்த ஊருக்கு அப்போது ஒரு மேயர் இருந்திருந்தால் கூடங்கள் தப்பியிருக்கும் என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் வந்திருக்காது.

மக்கள் எதிர்ப்பு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, சுற்றியிருந்த பழைய தெருக்களையும் சேர்த்து இடித்துவிட்டு உயரக் கட்டிடங்கள் எழுப்பும் திட்டங்கள் வந்தன. 1968-ல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது எழுந்த கூச்சலில் அவை கைவிடப்பட்டன. அந்தத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன.

ஒரு கூடம்கூட மிஞ்சவில்லையா?

ஒன்று மிஞ்சியது. முட்டையும் கோழியும் விற்ற 8-ஆம் எண் கூடத்தைப் பிரித்தெடுத்து, பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் நதிக்கரையில் இருக்கும் நோஜான் ஊரில் மறுபடி நிறுத்தினார்கள். 1970-களின் பிற்பாதியிலிருந்து அது இசை நிகழ்ச்சிகளுக்கும் விழாக்களுக்கும் பயன்படுகிறது. 1982-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். இன்னொரு கூடத்தின் இரும்புச் சட்டகத்தில் ஒரு துண்டு ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பூங்காவில் நிற்கிறது.

பிரித்து மீண்டும் பூட்டலாம் என்று சொன்னவர்கள் சொன்னது சரிதான் என்பதற்கு நோஜானுக்குப் போய் அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

'குழி' என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இடித்த இடத்தில் தோண்டிய பள்ளம். பாரிஸின் மையத்தில் பல வருடம் அது அப்படியே வாய் பிளந்து கிடந்தது. மேலே என்ன கட்டுவது என்று யாருக்கும் உடன்பாடு இல்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். ஒரு இத்தாலிய இயக்குநர் அந்தப் பள்ளத்தையே அமெரிக்கப் பாலைநிலமாக்கி, செவ்விந்தியர்களும் குதிரைப்படையும் மோதும் படம் எடுத்தார்.

1974-ல் ஜனாதிபதியான ஜிஸ்கார் தெஸ்தான், அங்கே வரவிருந்த சர்வதேச வணிக மையத்தை ரத்து செய்து தோட்டம் வேண்டும் என்றார். ஸ்பானிய கட்டிடக்கலைஞர் ரிக்கார்தோ போபில் வரைந்த கட்டிடம் எழும்ப ஆரம்பித்தது. 1977-ல் ஜாக் ஷிராக் மேயரானார். அவர் போபிலை அனுப்பிவிட்டு, பாதி எழும்பியிருந்ததையும் இடித்தார். லே ஆலின் தலைமைக் கட்டிடக்கலைஞர் நான்தான் என்று அவரே அறிவித்தார். இதற்குள் 1977 டிசம்பரில் அடியில் ரயில் நிலையம் திறந்துவிட்டது. கீழே ரயில் ஓடுகிறது, மேலே என்ன என்று முடிவாகவில்லை. இத்தனை அவசரமாக இடித்ததற்கு என்ன பொருள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

சந்தைக்குப் பதில் வந்த வணிக வளாகம் எப்படி இருந்தது?

'போரம் தே ஆல்' 1979 செப்டம்பர் 4-ஆம் தேதி திறந்தது. கிளோது வாஸ்கோனியும் ஜோர்ஜ் பான்கிரியாக்கும் வரைந்தது. வழக்கமான வளாகங்கள் மேலே எழும், இது கீழே இறங்கியது. நடுவில் திறந்த பள்ளமுற்றம், அதைச் சுற்றி வளைந்த கண்ணாடி அடுக்குகள், நாலு தளமும் பூமிக்குள். பின்னர் 1980-களில் போல் ஷெமெத்தோவ் வரைந்த இன்னொரு பகுதி நீச்சல்குளத்தோடும் திரைப்படக் காப்பகத்தோடும் நிலத்தடியில் சேர்ந்தது.

ஆரம்பத்தில் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி மங்கியது, கான்கிரீட் கறுத்தது. இரவில் கடை மூடியதும் சுரங்க நடைகளில் நடக்கப் பலரும் பயந்தார்கள். பழைய சந்தை ஊர் தூங்கும்போது விழித்தது. இந்த வளாகம் ஊர் விழித்திருக்கும்போதே தூங்கிவிடும்.

அப்படியென்றால் வளாகம் முழுத் தோல்வியா?

இல்லை. இதில் நான் என் மனசை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நிலையத்தை ஒரு நாளைக்குச் சுமார் 7.5 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். மூன்று ஆர்.இ.ஆர் வழித்தடங்கள் சந்திக்கும் இடம். புறநகர் இளைஞர்களுக்கு பாரிஸ் என்றாலே அவர்கள் முதலில் கால் வைக்கும் இந்தப் படிக்கட்டுதான். கறுப்பர்கள், அரபுக்கள், தமிழர்கள் எல்லாரும் எந்த டிக்கெட்டும் அழைப்பும் இல்லாமல் வந்து நிற்கக்கூடிய நகர நடு இது. ஹிப்ஹாப் நடனம் பழகியவர்களுக்கு அந்த நிலத்தடிச் சதுக்கங்கள் ஒரு மேடையாக இருந்தன. அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நூறு வருடம் முன்பு சந்தைக் கூலிகளைப் பார்த்தும் அதே மாதிரி சுளித்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று போய்விட்டது. சந்தையில் வந்தவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது: தூக்க, விற்க, எண்ண, கூட்ட, சமைக்க. வளாகத்தில் வாங்குவது ஒன்றுதான் வேலை. வாங்கக் காசில்லாத பையன் அங்கே வெறுமனே நிற்கிறான், காவலாளி அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் பார்வை பழைய சந்தையில் இல்லை, ஏனென்றால் அங்கே நிற்கிறவனிடம் யாராவது ஒரு கூடையைக் கொடுத்துத் தூக்கச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது மேலே தெரியும் மஞ்சள் நிறப் பெரிய கூரை என்ன?

'கனோப்பி'. மரக்கிளைகளின் மேற்கூரை என்று பொருள். பத்ரிக் பெர்ஜேவும் ஜாக் அன்சியுத்தியும் வரைந்தது. 1979-ன் வளாகம் முப்பது வருடத்திலேயே கிழடுதட்டிப் போனதால், நகராட்சி மறுபடி போட்டி வைத்து, மறுபடி இடித்து, மறுபடி கட்டியது. 2016 ஏப்ரல் 5-ஆம் தேதி திறந்தார்கள். 7,000 டன் இரும்பு, 18,000 கண்ணாடித் துண்டுகள், சுமார் 2.5 ஹெக்டேர் பரப்பு. தோட்டம், நிலையம் எல்லாம் சேர்த்து மொத்தத் திட்டத்துக்குச் செலவு 100 கோடி யூரோவுக்குப் பக்கம். இசைப்பள்ளி, நூலகம், ஹிப்ஹாப் மையம் ஆகியவையும் அதற்குள் இருக்கின்றன. அவை நல்ல முடிவுகள்.

மழை பெய்தால் கூரைக்கு அடியில் அங்கங்கே நனைவீர்கள், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். இரும்பும் கண்ணாடியும் கொண்ட ஒரு பெரிய குடை. 1853-ல் பேரரசர் கேட்டது அதைத்தான், பால்தார் அதைக் கட்டியும் கொடுத்தார்.

வேறு ஊர்களில் இப்படிப்பட்ட கட்டிடங்களைக் காப்பாற்றியிருக்கிறார்களா?

லண்டனில். கோவென்ட் கார்டன் சந்தை 1974-ல் நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம் மாறியது. அங்கேயும் சுற்றுவட்டாரத்தையே இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருந்தது. குடியிருந்தவர்கள் போராடி நிறுத்தினார்கள். பழைய கட்டிடத்தைச் செப்பனிட்டு 1980-ல் கடைகளாகத் திறந்தார்கள். அங்கே விற்பவை இன்று சுற்றுலாப் பயணிகளுக்கானவைதான், காய்கறிக் கூடை தேடினால் கிடைக்காது. இருந்தாலும் கட்டிடம் நிற்கிறது, நாளைக்கு வேறு ஏதாவது ஆகலாம்.

பாரிஸிலேயே இன்னொரு பதில் உண்டு. சென் நதிக்கரையில் ஓர்சே ரயில் நிலையத்தையும் இடித்து ஹோட்டல் கட்ட இருந்தார்கள். லே ஆலை இடித்ததில் எழுந்த வெட்கமும் கோபமும் அதைக் காப்பாற்றின. 1973-ல் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 1986-லிருந்து அது உலகமே வந்து பார்க்கும் அருங்காட்சியகம். அங்கே ஓவியங்களுக்கு நடுவே நிற்கும்போது, இந்தக் கூரைக்கான விலையை வேறொரு கூரை கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ரன்ஜிஸ் போன வியாபாரிகள் என்ன ஆனார்கள்? நாமும் போய்ப் பார்க்கலாமா?

நன்றாகவே இருக்கிறார்கள். ரன்ஜிஸ் சுமார் 230 ஹெக்டேர். புதிய உணவுப்பொருட்களுக்கான உலகின் மிகப் பெரிய மொத்தச் சந்தைகளில் ஒன்று. மீன் கூடத்தில் அதிகாலை 2 மணிக்கே வியாபாரம் மும்முரமாக இருக்கும். குளிர்பதன வசதி, நெடுஞ்சாலை, லாரி நிறுத்த இடம் என்று லே ஆலில் இல்லாதது எல்லாம் அங்கே உண்டு. 1969-க்குப் பிறகு பிறந்த வியாபாரி யாரும் திரும்பிப்போக ஆசைப்படமாட்டார்.

சில்லறைக்கு வாங்க முடியாது, தொழில் அட்டை வேண்டும். முன்பதிவு செய்து சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ராத்திரித் தூக்கம் போனாலும் பரவாயில்லை என்றால் கட்டாயம் போங்கள்.

இன்று லே ஆலுக்குப் போனால் பழையதில் எதையாவது பார்க்க முடியுமா?

முடியும். நிலையத்திலிருந்து மேற்கே தோட்டத்தைக் கடந்தால் வட்டமான ஒரு கட்டிடம் வரும். 1760-களில் தானிய மண்டியாகக் கட்டியது, பிறகு வணிகப் பரிவர்த்தனைக் கூடம் ஆனது. 2021-லிருந்து நவீனக் கலைக்கான காட்சியகம். ஜப்பானியர் ததாவோ ஆண்டோ உள்ளே ஒரு கான்கிரீட் வளையம் வைத்திருக்கிறார், ஆனால் பழைய குவிமாடத்தைத் தொடவில்லை. கோதுமை அளந்த இடம் என்ற நினைப்போடு பாருங்கள்.

வடக்கே மோந்தோர்கேய் தெருவில் மீன் கடையும் பழக்கடையும் இன்னும் நடைபாதை வரை பரந்திருக்கும். 1730-லிருந்து இருக்கும் ஸ்தோரேர் இனிப்புக் கடையும் அங்கேதான். சமையல் பாத்திரம் பிடிக்கும் என்றால் 1820-லிருந்து நடக்கும் தெயிலரான் கடைக்குள் நுழையுங்கள். சந்தை சமையல்காரர்களுக்காக வந்த கடை அது. செம்புப் பாத்திரங்கள் கூரை வரை தொங்கும். ஆல் தெருவில் எலி ஒழிப்புச் சாமான் விற்கும் ஒரு கடை 1872-லிருந்து இருக்கிறது. 1925-ஐ ஒட்டி சந்தையில் பிடித்த எலிகளைப் பாடம் பண்ணி முன் கண்ணாடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசியாக, தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் யூஸ்தாஷ் தேவாலயத்துக்குள் போங்கள். மண்டிக்காரர்கள் கும்பிட்ட கோயில் அது. பக்கவாட்டுச் சிற்றறை ஒன்றில், ரேமோன் மேசன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்து பளிச்சென்று வண்ணம் பூசிய ஒரு சிற்பம் இருக்கிறது. 1969 பிப்ரவரி 28 அன்று பழங்களும் காய்கறிகளும் பாரிஸின் இதயத்தைவிட்டுப் புறப்படுவது என்பது அதன் தலைப்பு. இரவு நேரம். ஆணும் பெண்ணுமாக, இயேசு பிறந்த தொழுவத்தை நோக்கிப் போகும் ஞானிகளைப்போல, கூடையும் பெட்டியும் சுமந்து வரிசையாக நடந்துவருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் காலி செய்த சந்தையும் இதே தேவாலயமும் சிறியதாகத் தெரிகின்றன. முகங்கள் கனத்திருக்கின்றன, காய்கறிகள் மட்டும் அப்போதுதான் பறித்தவை மாதிரி இருக்கின்றன. நான் கூட்டிப்போன எல்லோரும் அங்கே வந்த பிறகு "சந்தை எங்கே?" என்று கேட்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.